சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து கண்ட டாக்டர் சுப்பாராவ்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. அதோடு 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம் என்ற வைட்டமினும் சேர்ந்திருக்கிறது. சத்தியவேட்டிலும் இந்த மாத்திரைதான். சென்னையிலும் இந்த மாத்திரைதான்.

இந்தப் போலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் தயாரிக்க வழி கண்ட விஞ்ஞானிகள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இந்தியர். அவர் பெயர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மாத்திரையை விழுங்குகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மருந்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பெரிய துயரம் இருக்கிறது. அவருடைய அண்ணனும் தம்பியும் ஒரே குடல் நோய்க்குப் பலியானார்கள். கால் நூற்றாண்டு கழித்து, அதே நோயைக் குணப்படுத்தும் மருந்து அவருடைய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வெளிவந்தது.

பிறப்பும் படிப்பும்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். தாயார் வெங்கம்மா. வீட்டில் குழந்தைகள் அதிகம், வருமானம் குறைவு.

அப்போது ஆந்திரா என்றும் தமிழ்நாடு என்றும் தனி மாநிலங்கள் இல்லை. பீமவரமும் சத்தியவேடும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. சத்தியவேடு வட்டாரக் கிராமங்கள் ஆந்திராவுடன் சேர்ந்ததும், திருத்தணி அந்தப் பக்கம் போனதும் 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நடந்த எல்லை மாற்றத்தில்தான். சுப்பாராவ் காலத்தில் தெலுங்குப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் மேல் படிப்பு என்றால் சென்னைக்கு ரயில் ஏறினார்கள்.

சிறு வயதில் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனார். காசிக்குப் போய் யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாம் என்பது அவருடைய திட்டம். குடும்பத்தார் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். கடைசியில் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது தடவை தேறினார். தந்தை காலமான பிறகு, தாயார் நகையை விற்றுப் படிக்க வைத்தார். கடற்கரை எதிரிலுள்ள மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார்.

துறவியாகி ராமகிருஷ்ண மடத்தில் சேர வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. தாயார் சம்மதிக்கவில்லை. நோயாளிகளுக்குச் செய்யும் சேவையும் தொண்டுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் செலவுக்குப் பணம் கொடுத்தார். அவருடைய மகள் சேஷகிரியைத்தான் 1919-ம் ஆண்டு சுப்பாராவ் மணந்தார்.

கதர் அங்கியால் வந்த வினை

அந்நியத் துணியை விலக்கும்படி காந்தியடிகள் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்ட காலம் அது. சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை அறைக்குக் கதர் அங்கி அணிந்து போனார். பேராசிரியர் பிராட்பீல்டு என்ற வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

எழுத்துத் தேர்வில் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனாலும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசாங்க மருத்துவ வேலைக்கு முயன்றார், அதுவும் கைகூடவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி சென்னையில் நடத்தி வந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்தார்.

வீட்டுக்குள் வந்த நோய்

இந்தக் காலத்தில்தான் குடும்பத்தில் இடி விழுந்தது. அண்ணன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவரையும் கொண்டுபோனது ஸ்புரூ என்ற குடல் நோய். நாட்டு வைத்தியத்தில் கிராணி என்று சொல்லப்படுவதோடு ஒத்துப்போகும் நோய் இது.

நோய் வந்தவருக்கு வயிற்றுப்போக்கு நிற்காது. நாக்கு சிவந்து, வெந்து, புண்ணாகிவிடும். காரம் பட்டால் எரியும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. சதை கரைந்து எலும்பு தெரியும். இரத்தம் வெளுத்துச் சோகை பிடிக்கும். முன்னால் சோறு இருக்கும். நோயாளி பட்டினியால் சாகிறவன் போல் சாவான்.

மருத்துவம் படித்த சகோதரன் வீட்டில் இருந்தும் பயன் இல்லை. அன்றைக்கு எந்த டாக்டரிடமும் இதற்கு மருந்து இல்லை. சுப்பாராவுக்கே அந்த நோய் வந்தது. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார். எப்படிப் பிழைத்தோம், எந்தப் பொருள் பிழைக்க வைத்தது என்பதற்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்வி அவரைக் கடல் கடந்து கொண்டுபோயிற்று.

குடலுக்குள் நடக்கும் வேலை

ஸ்புரூ நோய் என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமானால், நல்ல குடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

உண்ட உணவு இரைப்பையில் அமிலத்தோடு கலந்து கூழாகிறது. அந்தப் புளித்த கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலின் தலைப்பகுதிக்கு வருகிறது. கணையம் தன் நீரைச் சுரக்க வேண்டிய வேளை இது. உணவு வந்துவிட்டது என்று கணையத்துக்கு யார் சொல்வது?

நரம்புதான் சொல்கிறது என்று அறிஞர்கள் நெடுநாள் நம்பினார்கள். 1902-ம் ஆண்டு லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் குடலில் நரம்புகளை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. குடலின் உட்சவ்விலிருந்து ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து கணையத்தைப் போய்த் தட்டி எழுப்புகிறது என்று கண்டார்கள். அதற்கு செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். இப்படித் தூது போகும் பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பொதுப் பெயரை ஸ்டார்லிங் 1905-ல் வழங்கினார்.

குடலின் உட்சவ்வில் இப்படிப்பட்ட தூது அணுக்கள் பல வகை உண்டு. சில அணுக்கள் அமிலத்தை உணர்ந்து செக்ரிடினை விடும். அந்த அமிலத்தை முறிக்கும் கார நீரைக் கணையம் அனுப்பும். வேறு சில அணுக்கள் கொழுப்பையும் புரதத்தையும் உணர்ந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விடும். அது போய்ப் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும். பித்தநீர் குடலில் இறங்கும். கணையத்திலிருந்து செரிமான நொதிகளும் வரும். குடலின் கீழ்ப்பகுதியிலுள்ள அணுக்கள், செரிக்காத உணவு தங்களிடம் வந்துவிட்டால், மேலே ஓட்டத்தைக் குறைக்கும்படி தகவல் அனுப்பும்.

இந்தத் தூது அணுக்கள் தனியாக ஒரு சுரப்பியில் கூடி இருப்பதில்லை. உணவை உறிஞ்சும் சாதாரண அணுக்களுக்கு நடுவே ஒன்றிரண்டாகக் கலந்திருக்கின்றன.

உறிஞ்சும் அணுக்கள் நிற்கும் இடம் விசித்திரமானது. சிறுகுடலின் உட்புறம் துண்டுத் துணியின் பூப்போல லட்சக்கணக்கான நுண் விரல்களால் ஆனது. இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரம். அவற்றின் மேல் போர்த்திய அணுக்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்து, புது அணுக்கள் அடியிலிருந்து ஏறி வருகின்றன. உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள் மிகச் சில.

புது அணு பிறக்க வேண்டுமானால் அதன் கருப்பொருளான டி.என்.ஏ. இரட்டிப்பாக வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் தேவை. கீரையிலும் ஈரலிலும் பயறு வகைகளிலும் உள்ள அதை உறிஞ்சித் தருவதும் அதே குடல்தான்.

இங்கேதான் ஸ்புரூ நோயின் கொடுமை. கிருமிகளால் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. மழுங்கிய குடல் போலிக் அமிலத்தை உறிஞ்சுவதில்லை. போலிக் அமிலம் இல்லாததால் புதுக் குடலணு சரியாக உண்டாவதில்லை. குடல் மேலும் மழுங்குகிறது. செக்கு மாடு போல் நோய் ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஆளைத் தேய்க்கிறது. தூது அணுக்களின் கணக்கும் குலைகிறது. இப்படி உறிஞ்சும் சக்தி இழந்த வெப்பநாட்டு நோயாளிகளின் இரத்தத்தில் சில குடல் ஹார்மோன்கள் அளவுக்கு மேல் ஏறியிருப்பதை 1979-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

சுப்பாராவின் சகோதரர்கள் இறந்தபோது இவற்றில் பெரும்பகுதி உலகத்தில் யாருக்கும் தெரியாது.

பாஸ்டனில் பட்ட பாடு

மாமனாரின் பண உதவியோடும், காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனத்தின் ஆதரவோடும் சுப்பாராவ் கப்பல் ஏறினார். 1922-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவியைத் தாயகத்தில் விட்டுப் போனார். சில ஆண்டுகளில் திரும்பி வருவதாக ஏற்பாடு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்கள் பற்றிய படிப்பில் சேர்ந்தார். கையில் பணம் இல்லை. எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே டாக்டராகத் தொழில் செய்ய முடியாது. ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலஜல பாத்திரங்களைக் கழுவுவதும் அந்த வேலையில் அடக்கம். பகலில் படித்து, இரவில் பாத்திரம் கழுவி, டிப்ளமா வாங்கினார்.

பிறகு உயிர் வேதியியல் துறையில் பேராசிரியர் சைரஸ் பிஸ்கேயிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் கண்ட முறை 1925-ல் வெளியானது. அது பிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரிலேயே உலகெங்கும் வழங்குகிறது.

1927-ல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டார். நடப்பதற்கும், மூச்சு விடுவதற்கும், குடல் உணவை உறிஞ்சுவதற்கும் செலவாகும் சக்தி நாணயம் இந்த ஏ.டி.பி.தான். 1930-ல் சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. ஆனாலும் ஊருக்குத் திரும்பவில்லை. ஈரல் சாற்றில் சோகையைப் போக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று உழைத்துக்கொண்டிருந்தார்.

பம்பாய் மில் பெண்கள்

அதே நேரத்தில் இந்தியாவிலேயே ஒரு முக்கியமான தடயம் கிடைத்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928-ல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாய் துணி மில்களில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைச் சோகை கொன்றுகொண்டிருந்தது. காரணம் தேடி அவர் பம்பாயிலும் நம் நீலகிரிக் குன்னூரிலும் ஆராய்ந்தார். ரொட்டிக்குத் தடவும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். 1931-ல் இதை வெளியிட்டார். ஈஸ்டில் உள்ள பொருள் எது என்று அவருக்குத் தெரியவில்லை. உலகம் அதை வில்ஸ் சத்து என்று அழைத்தது.

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசலைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். ஈஸ்டில் இருந்ததும், ஈரலில் இருந்ததும், கீரையில் இருந்ததும் ஒரே குடும்பத்துச் சத்து என்பது பிறகு தெளிவாயிற்று.

மருந்து பிறந்தது

சுப்பாராவ் 1940-ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். விரைவில் அங்கே ஆராய்ச்சித் தலைவரானார்.

ஈரலிலிருந்து இந்தச் சத்தை எடுப்பது லேசான காரியம் அல்ல. டன் கணக்கில் ஈரலைக் கரைத்தாலும் சிறிதளவே கிடைக்கும். அதை வைத்து நோயாளிகளுக்கு வைத்தியம் செய்ய முடியாது. எந்தெந்தப் பகுதிகள் இணைந்து அந்தப் பொருள் ஆகியிருக்கிறது என்று கண்டு, ஆய்வுக்கூடத்தில் அதையே செய்ய வேண்டும். சுப்பாராவின் குழு அதைச் செய்து முடித்தது. 1945-ல் செய்தி வெளியாயிற்று.

டாம் ஸ்பைஸ் என்ற அமெரிக்க டாக்டர் அந்த மருந்தை வாங்கிச் சோகை நோயாளிகளுக்குக் கொடுத்தார். கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். நாக்குப் புண் ஆறியது. பசி எடுத்தது. இரத்தம் ஊறியது. பேதி குறைந்தது. குடல் உறிஞ்சித் தராத சத்தை வெளியிலிருந்து நிறையக் கொடுத்ததும் புதுக் குடலணுக்கள் பிறந்தன. செக்குமாட்டு வட்டம் அறுந்தது.

புருஷோத்தமும் கிருஷ்ணமூர்த்தியும் போன நோய்க்கு அவர்களுடைய சகோதரனின் ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்து வந்துவிட்டது. ஆனால் அவர்கள் போய்ச் சுமார் 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கதை அதோடு முடியவில்லை. அதே கம்பெனியில் சுப்பாராவின் கீழ், பெஞ்சமின் டகர் என்ற முதிய தாவர விஞ்ஞானி மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்ற கிருமிக்கொல்லியைக் கண்டார். 1948-ல் அது வெளியுலகுக்கு வந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் அதுவே முதலாவது. ஸ்புரூ நோய்க்கு இன்று டாக்டர்கள் கொடுப்பது போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்ந்த சிகிச்சை. சில மாதங்கள் சாப்பிட வேண்டும். ஒன்று கிருமியை அடக்கும். மற்றொன்று குடலைக் கட்டும். இரண்டுக்கும் மூலம் சுப்பாராவ் தலைமை தாங்கிய இடம்தான்.

இந்த நோய் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 1960-களின் தொடக்கத்தில் சித்தூரை அடுத்த வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்புரூ கொள்ளைநோய் போல் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். அப்போது அவர்கள் கையில் மருந்து இருந்தது. 1921-ல் இல்லாத அந்த மருந்து.

வேறு நன்மைகள்

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் ஹெட்ரசான் மருந்தும் சுப்பாராவ் தலைமையில் லெடர்லேயில் வந்ததுதான். ஆண்டு 1947. டி.இ.சி. மாத்திரை என்று இன்றும் ஊர் ஊராக வீடு தேடி வந்து கொடுக்கப்படுகிறது.

போலிக் அமிலத்தைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, அதன் வேலையைத் தடுக்கும் போலிப் பொருளையும் செய்யத் தெரிந்தது. கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்று அணுக்களுக்கும் போலிக் அமிலம் வேண்டும் அல்லவா? பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் இந்தத் தடுப்பு மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-ல் அதை வெளியிட்டார். அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் பயன்படுகிறது. அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வருவதுண்டு. வேகமாகப் புதுப்பிக்கப்படும் குடலணுக்களையும் அது தடுப்பதே காரணம்.

திரும்பி வராத பயணம்

சுப்பாராவ் நோபல் பரிசு பெறவில்லை. தாம் கண்டவற்றில் தம் பெயரை முன்னிறுத்தியதும் இல்லை. குழுவில் உழைத்தவர்களுக்கே பெருமையை விட்டுக்கொடுத்தார். அமெரிக்கக் குடியுரிமை பெற இந்தியர்களுக்கு 1946-ல் சட்டம் வழிவிட்டது. ஆனாலும் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை.

அவர் கப்பல் ஏறிய பிறகு பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டான். தந்தை மகன் முகத்தைப் பார்க்கவே இல்லை. மனைவி சேஷகிரி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். சில ஆண்டுகளில் வருவதாகப் போனவர் 26 ஆண்டுகள் ஆகியும் வரவில்லை. உலகத்துக்குக் கிடைத்த மருந்துகளின் விலையில் ஒரு பங்கை அந்த அம்மையாரும் கொடுத்திருக்கிறார்.

1948-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு உறங்கப் போன சுப்பாராவ் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. வயது 53. இந்தியா சுதந்திரம் அடைந்து அப்போது ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை.

அவர் பெயரை மறந்திருந்த தாயகம், நூற்றாண்டு விழாவையொட்டி 1995-ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

அறிய வேண்டியது

பசலை, முருங்கை, அகத்தி போன்ற கீரைகளிலும், பாசிப்பயறு, கொண்டைக்கடலை போன்றவற்றிலும் போலிக் அமிலம் இருக்கிறது. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் கூடவே போய்விடும். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் இது குறைந்தால் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகலாம் என்பது பிற்காலத்தில் தெரிந்த உண்மை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாச் சோகைக்கும் இது மருந்து அல்ல. வைட்டமின் பி 12 குறைவால் வந்த சோகைக்கு இதை மட்டும் கொடுத்தால் இரத்தம் ஊறுவது போல் தெரியும்; உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். வாரக்கணக்கில் பேதி நிற்காமல், நாக்குப் புண்ணோடு உடம்பு இளைக்கிறவர்கள் டாக்டரைப் பார்த்து இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையைப் பல பெண்கள் வாங்கி வந்து, வாய்க்குப் பிடிக்கவில்லை என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு சகோதரர்களின் சாவும், ஒருவரின் 26 ஆண்டு உழைப்பும், ஒரு பெண்ணின் காத்திருப்பும் அந்த மாத்திரைக்குப் பின்னால் இருக்கின்றன. அதை விழுங்கிவிடுவதே டாக்டர் சுப்பாராவுக்குச் செய்யும் மரியாதை.